போசியில் வெட்டிய பேர்

அன்று வீட்டில் இருந்தது நான், என் மகன், மருமகள், உக்கடத்திலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி, பிறகு நானே போய்க் கூட்டிவந்த பேர் வெட்டுகிறவர். வேறு யாரும் இல்லை.

நான் ஏழாம் வகுப்போடு மில்லுக்குப் போனவள். ஊரில் எல்லோரும் பாத்திரக் கடைகளில் பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிப் போவார்கள். அப்படி வந்தவற்றை எடைக்குக் காசு கொடுத்து நான் வாங்கிச் சேர்த்தேன். கைப்பிடி வைத்த தூக்குப் போசி, வெற்றிலைச் செல்லம், கூஜா, கிளி வைத்த விளக்கு. எடைக்கு வாங்கியதெல்லாம் இன்றைக்கு ஆன்டிக் ஆகிவிட்டது. அது தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

பயந்தவள்தான் நான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். பெருந்துறையில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால் உள்ளே டிவியை ஓடவிட்டுப் போவேன். சாமான்கள் கட்டிலுக்கடியில் சாக்குக்குள் கிடந்தன. அவிநாசித் தேருக்குப் போன பக்கத்துத் தெருக்காரர் வீட்டில் பூட்டை உடைத்து விளக்குகளை அள்ளிப் போனபின் சோறும் இறங்கவில்லை.

அதைப் பார்த்துத்தான் மகன் என்னிடம் கேட்காமல் வியாபாரியிடம் விலை பேசி இருபதாயிரம் முன்பணமும் வாங்கிவிட்டான். அந்தக் காசில் வாசலுக்குக் கிரில் கதவு வேறு போட்டான். உள்ளே இருப்பதை விற்று வாசலுக்குக் கதவா என்று கேட்டேன்.

"ஏம்மா, இதைய வெச்சுட்டு நீ தூங்காமக் கெடக்கறே. வித்துப்போட்டா நிம்மதியா இருக்கலாமுல்ல" என்றான்.

பாசத்தில்தான் சொன்னான். ஆனால் என் பயம் என்னுடையது. அதைக் காட்டி என் சாமானை விற்க யாருக்கும் உரிமை இல்லை.

வியாபாரி கூடத்தில் சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனேன். சீர்ப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டிக்கொடுப்பவர் அங்கே சும்மாதான் உட்கார்ந்திருந்தார். மிஷினோடு வரச் சொன்னேன். எங்கள் பக்கம் பொட்டுக் கிண்ணத்தில்கூடப் பேர் வெட்டாமல் பெண்ணை அனுப்பமாட்டார்கள். நான் சம்பாதித்து வாங்கியதற்கு மட்டும் பேர் இல்லையா?

கூடத்தில் ப்ளக் எட்டவில்லை. மருமகள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்து மாட்டினாள். மகன் அவளை முறைத்தான். அவள் பார்க்கவே இல்லை.

"பேரை அடியில வெட்டறதுங்களா?" என்றார் பேர் வெட்டுகிறவர்.

"வெளிய, பளிச்சுனு தெரியறாப்பல வெட்டுங்க. எம்பேரு, தெரு, ஊரு எல்லாம்."

மிஷின் சத்தம் கேட்டதும் வியாபாரி எழுந்துவிட்டார்.

"ஏனுங்க அக்கா, பேர் வெட்டிப்போட்டா எவனும் ஆன்டிக்னு வாங்கமாட்டானுங்க. பழைய பித்தளை ரேட்டுதானுங்க."

"திருடனுக்கும் அதே ரேட்டுத்தானுங்களே?"

மருமகள்தான் முதலில் சிரித்தாள். வியாபாரி சாக்கை என் பக்கம் தள்ளிவிட்டார். கடைசிக் கூஜா முடியும்வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கோடும் விலையைக் குறைக்கிறது என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன்.

சாமான்கள் இப்போது கூடத்து அலமாரியில், வருகிறவர்கள் கண்ணுக்கு நேராக இருக்கின்றன. பூட்டை இன்னும் இரண்டு முறை இழுத்துத்தான் பார்க்கிறேன். அது என்னோடு பிறந்தது, போகாது. அதற்காக ஒரு செம்பைக்கூட நான் வெளியே விடப்போவதில்லை.

முன்பணத்தை வியாபாரி விடுவதாக இல்லை. அது நியாயம்தான். தானே கட்டுவதாக மகன் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். என் சாமான், நான் மீட்கிறேன். ஜாக்கெட் தைத்து வரும் காசில் மாதாமாதம் கொடுத்துவருகிறேன். இன்னும் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.