நிற்காமல் அழித்த இமேஜ்

1. மேசையில் கிடந்த டிஸ்க்

"டிஸ்க் செத்துப்போச்சு எண்டு ஒரு ரிப்போட் எழுதித் தாரும், வதனி."

திங்கட்கிழமை காலை கனடாவில், மிசிசாகா அலுவலகத்தில் நான் குளிர்கோட்டைக் கழற்றுவதற்கு முன்னரே எங்கள் முதலாளி சிவநேசன் அண்ணை சொன்னது இது. டிஸ்க் அவருடைய மேசையில் கிடந்தது. அது சாகவில்லை. அதை அழித்தது நான் கட்டிய இன்ஸ்டோல் இமேஜ். அப்படி அழிக்கும்படி மாற்றச் சொன்னவர் அவர்.

நாங்கள் சின்ன வியாபாரங்களுக்குச் சேர்வர் வைத்துக் கொடுப்பவர்கள். ஒரு இயந்திரத்துக்குள் பல சேர்வர்களை ஓடவைக்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளை முதலில் அதில் ஏற்றவேண்டும். அண்ணை மலிவாக வாங்கிக் குவித்த நெற்வேர்க் கார்ட்டுகளுக்கு அதன் ஐ.எஸ்.ஓ. என்ற இன்ஸ்டோல் ஃபைலில், அவற்றை இயக்கும் டிரைவர் இல்லை. ஆகவே கொமாண்ட் லைனில் நானே ஒன்று கட்டினேன். எதெது ஏறவேண்டும் என்ற பட்டியலான மூல இமேஜ் புரொஃபைலைப் பிரதியெடுத்து, டிரைவரைச் சேர்த்து, புது ஐ.எஸ்.ஓ.வாக வெளியே எடுத்தேன். தானாக இன்ஸ்டோல் ஆக ஒரு ஸ்கிரிப்ட்டும் வைத்தேன். டிஸ்க்கில் பழைய தரவு இருந்தால் இன்ஸ்டோல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அது அண்ணைக்குப் பிடிக்கவில்லை.

"உது நிண்டா பெடியள் எனக்கெல்லே கோல் எடுப்பாங்கள். புது டிஸ்க்கிலதானே போடுறம்? ஒண்டும் பாக்காமல் அழிச்சுப்போட்டுப் போகட்டும்."

"ஆரும் பழைய மெஷினில கொண்டுபோய்ச் செருகினா?"

"ஆர் செருகப்போறான்?"

ஸ்கிரிப்ட்டில், இருப்பதை அழித்து மேலே எழுது என்னும் ஓவர்றைட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன். இமேஜை ஏற்றிய யூ.எஸ்.பி.யில் 'புது மெஷினுக்கு மட்டும்' என்று சிவப்பு மையால் எழுதியும் கொடுத்தேன்.

செருகினவர் அவரேதான்.

2. மில்லிக்கன் ஸ்டூடியோ

மில்லிக்கனில் கலியாண வீடியோ எடுக்கும் பாமினி அக்கா எங்கள் வாடிக்கையாளர். சனிக்கிழமை அவருடைய சேர்வர் எழும்பவில்லை. சின்ன வேலைதானே என்று அண்ணை தனியாகப் போய், ஹைப்பர்வைசரைத் திருப்பி ஏற்ற அந்த யூ.எஸ்.பி.யைச் செருகியிருக்கிறார். அது எதையும் பார்க்காமல் அழித்துப்போட்டது. இவர் உடனே அக்காவிடம் "டிஸ்க் செத்துப்போச்சு" என்று சொல்லி அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குள் ஒரு கலியாணம் இருந்தது. கமெராக் கார்டுகளை அடுத்த வேலைக்காக அக்கா அழித்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய் தகப்பனுக்கு விசா மறுத்துவிட்டார்கள். போனில் காட்டிய நேரலையும் பாதியில் அறுந்துபோக, அவர்கள் யாழ்ப்பாணத்தில் இந்த வீடியோவுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"நான் எழுத மாட்டன் அண்ணை," என்றேன். "அழிஞ்சது எண்டு சொன்னா ரிகவரிக்கு அனுப்பலாம். மேல ஒண்டும் எழுதாமல் விட்டா பாதியெண்டாலும் திரும்பி வரும்."

"உதை நான் இண்டைக்கு ரீசைக்கிளுக்குப் போடப்போறன். கொம்பனிக்குப் பேர் கெட்டா உம்மட வேலையும்தான் போகும்."

பிழை விடாத மனிதன் இல்லை. ஆனால் தன் பெயரைக் காப்பாற்ற இன்னொருவரின் பிள்ளையின் கலியாணத்தைக் குப்பையில் போடுவதா? அதற்கு என் கையெழுத்தையும் கேட்பதா?

"டிஸ்க் பாமினி அக்காவின்ர," என்று சொல்லி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கார் பார்க்கில் நின்றபடியே பாமினி அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர், "இப்ப நான் அதை எங்க குடுக்கோணும்?" என்று மட்டும் கேட்டார். அன்றே ரிகவரி செய்கிற இடத்தில் கொடுத்தோம். அண்ணையிடம் எனக்கிருந்த வேலை அதோடு போய்விட்டது.

3. சத்தம்

சில வாரம் கழித்து அக்கா கூப்பிட்டார்.

"தாலி கட்டுறது முழுக்க வந்திட்டுது, வதனி. ஆனா சத்தம் தனி ஃபைல், அது அழிஞ்சுபோச்சு. வேறொரு கலியாணத்து மேளத்தை எடுத்துப் போட்டு அனுப்பட்டோ? யாழ்ப்பாணத்தில அவைக்குத் தெரியவா போகுது?"

"வேண்டாம் அக்கா. சத்தம் அழிஞ்சுபோச்சு எண்டு சொல்லி உள்ளதை அனுப்புங்கோ."

அப்படியே அனுப்பினார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். டிஸ்க்கில் தரவு இருந்தால் உங்கள் இமேஜ் நிற்கட்டும். முதலாளி கத்தினாலும் நிற்கட்டும். அப்படியும் அழிந்துபோனால், அழிந்தது என்று அந்த நேரமே சொல்லுங்கள். அப்படிச் சொன்னபடியால்தான் யாழ்ப்பாணத்தில் அந்தத் தாய், சத்தம் இல்லாமலாவது, தன் மகன் தாலி கட்டுவதைப் பார்த்தார்.