ஹாஜரா போட்ட கிராசிங்

இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் துணி வெட்டும் மெஷினில் நின்ற ஹாஜராவுக்கு, 1998-இல் ஒரே ஒரு பிடிவாதம். வீட்டில் பலகை மேல் அவள் பதித்திருந்த பொம்மை ரயிலின் ஒற்றைத் தண்டவாளத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ஒரு ரயில் ஒதுங்கி நிற்க, எதிர் ரயில் கடந்து போக வேண்டும். செங்கோட்டை வண்டி தினமும் போடுகிற கிராசிங்தான்.

விரல் நீளத்தில் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. சிங்கப்பூரில் பொம்மைக் கடையில் வேலை பார்க்கும் தம்பி காதர் கொண்டுவந்தவை. பச்சை எஞ்சினுக்குள் டிகோடர் இருந்தது. தண்டவாளம் வழியே வரும் கட்டளைகளில் தனக்குரியதை மட்டும் எடுத்து மோட்டாருக்குச் சொல்லும் சில்லு அது. சிவப்பு எஞ்சினுக்கு அது இல்லை. பச்சையை நிறுத்திவிட்டுச் சிவப்பை ஓட்ட வழியில்லை.

காதர் லீவில் வரப்போகிறான். தெரு டெலிபோன் பூத்துக்குக் கூப்பிட்டுப் பேசினான்.

"அக்கா, டிகோடர் ரெண்டு சைஸ்ல இருக்கு. சின்னது அரை ஆம்பியர்தான் தாங்கும். மேல இழுத்தா பொகைஞ்சிரும். பெருசு தாங்கும், ஆனா தீப்பெட்டில பாதி இருக்கு. ஓடும்போது உன் செவப்பு எம்புட்டு இழுக்குதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு. இந்த லீவ விட்டா பொறவு ரெண்டு வருசம்."

மீட்டர் வைத்துப் பார்த்தாள். முக்கால் ஆம்பியர். சின்னதைப் போட்டால் கருகும். பெரியதைப் போட்டால் எஞ்சின் மூடியே சேராது.

கணவர் மதார் சாகிப் சிரித்தார். "ஏட்டி, பெருச வாங்கி அது தலையில கட்டு. சுமை தூக்கிக்கிட்டுப் போகட்டும்."

வெள்ளிக்கிழமை காலை, கம்பெனியில் அவள் மெஷின் இழுவையாக ஓடியது. ஃபிட்டர் ஐயாதுரை கத்தினார்.

"யம்மா ஹாஜரா, ரோலர்ல நூலு சுத்திக் கெடக்கு. மோட்டார் முக்குறது கேக்கலையா?"

கொக்கியால் நூலை இழுத்தெடுத்தாள். மெஷின் மூச்சுவிட்டதுபோல் ஓடியது. ஹாஜராவின் கை அப்படியே நின்றது. மூக்குக் கண்ணாடியோ டிவியோ பிள்ளை மூக்கோ, அந்தத் தெருவில் எதைத் துடைப்பதற்கும் கட்டுத்துணித் துண்டுதான். எஞ்சின் சக்கரங்களையும் அவள் அதால்தான் தினமும் துடைத்து வந்தாள்.

மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு ஓடியவள் சோற்றைத் தொடவில்லை. சிவப்பைத் திருப்பிப் போட்டு அடிப்பாகத்தைக் கழற்றினாள். அச்சு முழுக்கத் தலைப்பாகை மாதிரி நூல். ஊசியால் கிளறிக் கிளறி எடுத்தாள். மறுபடி மீட்டர் வைத்தாள். கால் ஆம்பியர்கூட இல்லை.

பூத்தில் அவள் போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "காதரு, சின்னது! சின்னதே போதும்லே!"

"நெசமாவாக்கா? பழைய எஞ்சினாச்சே?"

"இத்தன நாளும் கட்டுப் போட்டுக் கெடந்துச்சு. அவுத்து விட்டுட்டேன்!"

விரல் நகமளவு டிகோடரோடு காதர் வந்து இறங்கினான். நான்கு வயர்களைப் பற்றவைத்ததும் மூடி டக்கென்று உட்கார்ந்தது. சிவப்புக்குப் போகும் கட்டளைகளுக்குத் தனி எண் கொடுத்தார்கள். மதுரைப் பக்கமிருந்து வந்த பச்சை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒதுங்கி நின்றது. அசையவில்லை. இராஜபாளையத்திலிருந்து கிளம்பிய சிவப்பு, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் அதன் பக்கத்தில் வந்தது.

மதார் சாகிப் கையை நீட்டினார். "ஏட்டி, பச்சைய நான் ஓட்டுதேன். கன்ட்ரோலரத் தா."

"செத்த பொறுங்க," என்றாள் ஹாஜரா, தலை நிமிராமல். "என் வண்டி இன்னும் ஸ்டேஷனத் தாண்டல."