படகுகள் இறங்காத செவ்வாய்க்கிழமை

அண்ணனின் கடைசிக் கடிதத்தில் கிழமை மட்டும் இருக்கிறது: "சனி, மத்தியானம்." தபால் முத்திரையில் மை பரவி, தேதி தெரியவில்லை. நைனாவின் படகுக்கு ஐஸ் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போனவன் அவன். எல்லையில் சண்டை தொடங்கியபோது, போன் சிக்னல் கிடைக்காத ஒரு மலையில் பீரங்கிப் படையில் இருந்தான். "ஒரு குண்டு ஏத்த இத்தன பேரு வேணும், நம்ம ஊர்ல வலை இழுக்கிற மாதிரிதான். காது ரெண்டும் அடச்சிப்போச்சு. லீவுல வந்தா அம்மா எவ்ளோ திட்னாலும் கவலயில்ல" என்று எழுதியிருந்தான்.

கடிதம் வந்த திங்கட்கிழமை சாயங்காலமே, அவன் இருந்த பகுதியில் பீரங்கி நிலை ஒன்றின் மேல் எதிரிக் குண்டு விழுந்ததாகச் செய்தியில் சொன்னார்கள். இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. நைனா டிவியை அணைத்தார். மீன் விற்றுவிட்டு அம்மா திரும்பியபோது நாங்கள் இருவரும் அதை அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் அன்று ஒரு படகும் கடலில் இறங்காது. செவ்வாய் காலை அம்மா கூடையோடு கரைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். எல்லாப் படகுகளும் மணலில் கிடந்தன. ஆண்கள் சும்மா நின்றார்கள்.

"இன்னாடா இது, ஒரு போட்டும் போகல? யாரு வூட்ல?"

அவர்களும் செய்தி பார்த்திருந்தார்கள், மரியாதைக்காக நிறுத்தியிருந்தார்கள். அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நைனா ஓடிவந்தார். "எவன்டா உங்களுக்குச் சொன்னது?"

"டிவில சொன்னாங்க மாமா..." என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"டிவி இன்னா உன் பொண்டாட்டியா, சொன்னதும் கேட்டுக்கினு நிக்கற? எறக்குடா போட்ட!"

ஒருவரும் கை வைக்கவில்லை. நானும் நைனாவும் தள்ளினோம். எங்கள் படகு அசையவில்லை. அம்மா வந்து தோள் கொடுத்தாள். எங்கள் ஊரில் பெண்கள் படகைத் தள்ளுவதில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் ஓடிவந்தார்கள். ஒவ்வொன்றாக எல்லாப் படகுகளும் இறங்கின. அன்று நைனா வலையே விடவில்லை. கரையில் யாராவது துணியை ஆட்டிக் கூப்பிடுகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ராணுவ ஜீப் வந்தது. வந்தவர்கள் எங்கள் வீட்டைத்தான் விசாரித்தார்கள்.

அண்ணனின் இறப்புச் சான்றிதழில் இறந்த நாள் திங்கட்கிழமை என்று இருக்கிறது. அதே பீரங்கியில் அவனோடு இருந்த ஒருவர், குண்டடி பட்டும் செவ்வாய் மதியம்வரை அவன் பேசிக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு போனில் சொன்னார். படகைத் தள்ளிய அந்தக் காலையில் மகன் உயிரோடு இருந்தானா என்று அம்மா என்னைக் கேட்கிறாள். மருத்துவப் பதிவேட்டின் நகல் கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. அவன் இறந்தது திங்களா செவ்வாயா என்பது இதை எழுதும் வரை உறுதியாகவில்லை.