அம்மா படத்தின் பொட்டு

பள்ளியில் நீர்வண்ணம் பழகியவள் நான். முகம், சேலை, நகை என்று வரிசையாக முடித்து, சிவப்பு பரவும் என்பதால் பொட்டைக் கடைசியில் வைப்பேன். அம்மாவின் படம் கெட்டுவிடுமோ என்று அதில் மட்டும் பொட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

“ஒரு பொட்டு வைக்க எத்தன நாளுடி?” என்று அம்மா கேலி செய்வாள்.

பதுளைப் புகைப்படக் கடையில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலை கேட்டு, அம்மாவின் படத்தைத்தான் காட்டினேன்.

“நெத்தி வெறுமையா இருக்கேம்மா. முடிச்சு எடுத்துட்டு வாங்க” என்றார் முதலாளி.

அந்த வாரமே அப்பா காய்ச்சலில் இறந்தார். பதினாறாம் நாள் அம்மாவின் பொட்டை அழித்தார்கள். நான் தூரிகையை எடுத்தபோது அம்மா தடுத்தாள்.

“வேணாம்டி. இப்ப அது என்னைய மாதிரியே இருக்கு.”

அப்படியே கடைக்குக் கொண்டுபோனேன்.

“முடிஞ்சிருச்சாம்மா?”

“முடிஞ்சிருச்சுங்க.”

படத்தையும் என்னையும் பார்த்துவிட்டு முதலாளி வேலை தந்தார்.

இப்போது எந்தப் படத்திலும் பொட்டைத்தான் முதலில் வைக்கிறேன். பரவினால் ஒற்றியெடுத்துக்கொள்ளலாம்.