பிரித்து அனுப்பாத பிள்ளைகள்

குழந்தைகள் நல அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் விசாரிக்கும் வேலை அவருக்கு. இருபத்து மூன்று வருஷமாக அதே வேலை, அதே கறுப்புத் தோள்பை. அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் பை அம்மா. சேட்டை பண்ணினால் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று தாய்மார்களே மிரட்டி வைத்திருந்தார்கள். அவர் தெருவில் நுழைந்தாலே பொடிசுகள் கதவிடுக்கில் ஒளிந்துகொள்ளும்.

"ஊர்ல இருக்கற பிள்ளைங்க உன்னைப் பார்த்து ஓடுது, நீ அதுங்க பின்னாடி ஓடற. என்ன பொழப்போ" என்பார் கணவர். ஆரம்பத்தில் பை அம்மா சிரிப்பார். இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிடுவார். மாதத்துக்கு அறுபது வீடு. பாதி வீடுகள் மாடியில். முழங்கால் போயே போய்விட்டது.

அந்த முழங்காலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில்தான் அது நடந்தது. மருந்துக் கடையில் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். சீட்டை வாங்கியவள் அதைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க பை அம்மாதானே?"

"ஆமாம்மா. நீ யாரு, தெரியலையே?"

"தெரியாதுதான். அப்ப எனக்கு ஒம்பது வயசு. தம்பிக்கு நாலு. அம்மா செத்துப் போனதும் எங்களை ரெண்டு வண்டியில ஏத்துனீங்க."

அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நினைவு வந்தது. சிறு குழந்தைகளுக்கு ஓர் இல்லம், பெரிய பெண் பிள்ளைகளுக்கு வேறு இல்லம். அதுதான் விதி. ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு அவர்தான் சமாதானம் சொன்னார்.

"மூணு ஞாயித்துக்கிழமை தம்பியைக் கூட்டிட்டு வந்தாங்க. அப்புறம் வரல" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "என் தம்பி எங்க இருக்கான்னு உங்க கோப்புல இருக்குமா?"

பை அம்மா மூன்று வாரம் ஆவண அறையில் தேடினார். தூசியில் தும்மல் வந்ததுதான் மிச்சம் என்று நினைத்திருந்தபோது கோப்பு கிடைத்தது. பையனை யாரோ ஒரு தம்பதிக்குத் தத்துக் கொடுத்திருந்தார்கள். பெயரும் மாறியிருந்தது. அதற்கு மேல் முத்திரை வைத்து மூடியிருந்தார்கள். திறக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்று அதில் எங்கேயும் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை எழுதியிருக்க வேண்டியவர் அவர்தான்.

'நல்லா இருக்கானாம்' என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று கடை வாசல் வரைக்கும் யோசித்தார். உள்ளே போனதும் நாக்கு எழவில்லை. "தத்துக் கொடுத்துட்டாங்கம்மா. அதுக்கு மேல எனக்கே தெரியல. நீ தேடறன்னு ஒரு மனு எழுதி கோப்புல சேர்த்திருக்கேன். அவனா கேட்டு வந்தா உன் விலாசம் கிடைக்கும்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு களிம்பை எடுத்து வைத்து, "வெந்நீர் ஒத்தடம் கொடுத்துட்டுத் தடவுங்க" என்றாள்.

அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. பதினோரு வயதுப் பெண், முப்பத்து நான்கு நாளாக வகுப்புக்கு வரவில்லை. பை அம்மா மூன்று மாடி ஏறிப் போனார்.

கதவைத் திறந்த சிறுமியின் இடுப்பில் மூன்று வயதுத் தம்பி. பின்னால் ஆறு வயதுத் தங்கை, கையில் துடைப்பத்தோடு. உள்ளறையில் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாலு மாதமாக அப்படித்தானாம். காய்ச்சல் இல்லை, அடிபடவும் இல்லை. எழுந்திருக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அப்பா தொலைதூர லாரி ஓட்டுகிறவர், மாதத்துக்கு இரண்டு முறை தலையைக் காட்டுவார். ஆனாலும் வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

சிறுமி அவருடைய பையைப் பார்த்தாள். "எங்களைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க? நாளைக்கு வாங்களேன் மேடம். தம்பி துணியெல்லாம் இன்னும் காயல."

பை அம்மா தோள்பையை இறக்கி வைத்தார். தரையில் உட்கார்ந்துகொண்டார். படிவத்தில் நாற்பது கேள்விகள். ஜன்னல் எத்தனை, கழிப்பறை உண்டா, சம்பாதிப்பது யார். எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

சிறுமி தம்பியை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "காலையில யாராவது வந்து அம்மாவைக் குளிக்க வைக்கணும். என்னால தூக்க முடியல. மத்ததெல்லாம் நான் பார்த்துப்பேன்."

குழந்தைகள் நலக்குழுக் கூட்டத்தில் தலைவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "இதுல யோசிக்க என்ன இருக்கு? மூணு பேரையும் எடுத்துடுங்க" என்றார்.

"மூணு பேரையும் ஒரே இடத்துல வைப்பீங்களா சார்?"

"அது எப்படி? வயசுக்குத் தகுந்த மாதிரிதான். தெரியாத மாதிரி கேக்கறீங்க."

"அப்ப எடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன் சார். வீட்டுலயே வச்சுப் பார்ப்போம். மூணு மாசம் டைம் கொடுங்க."

"ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"நான்தான்."

தைரியமாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. வாதாடத் தெம்பு இல்லாத குரலில்தான் சொன்னார். தலைவர் சலித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பிறகு அலைச்சல்தான். சுகாதார நிலையத்துச் செவிலியிடம் கெஞ்சிக் கூத்தாடி, காலையில் அரை மணி நேரம் அந்த வீட்டுக்கு வரச் சம்மதிக்க வைத்தார். அம்மாவை மனநல மருத்துவரிடம் காட்டினார். கடைக்குட்டியைப் பாலர் பள்ளியில் சேர்த்தார். போனில் எகிறிக் குதித்த அப்பாவிடம் நாலு நாள் மல்லுக்கட்டி, பக்கத்து ஊர் ஓட்டத்துக்கு மாற வைத்தார். சிறுமி பள்ளிக்குப் போகத் தொடங்கினாள்.

போனவள் வகுப்பில் தூங்கினாள். வீட்டில் சிடுசிடுத்தாள். ஒருநாள் பை அம்மாவிடமே பாய்ந்தாள். "தங்கச்சி இப்பல்லாம் என் பேச்சைக் கேக்கறதே இல்ல. எதுக்கெடுத்தாலும் நர்ஸக்கா சொல்லட்டும்கறா. அப்ப நான் யாரு?"

அதை அவர் எதிர்பார்க்கவே இல்லை. பாரத்தை இறக்கி வைத்தால் பிள்ளை சந்தோஷப்படும் என்று நினைத்திருந்தார். அதனோடு சேர்த்து அவளுடைய பதவியையும் பிடுங்கிவிட்டோம் என்பது உறைக்கவில்லை. "நீ அக்கா" என்றார். "அது தெரியும்" என்று முறைத்தாள் சிறுமி.

இரண்டாவது மாதம், அம்மா ஏதோ தெம்பு வந்து பால் காய்ச்சி, அதைத் தரையிலேயே வைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துவிட்டாள். தம்பி அதில் கையை விட்டுவிட்டான். இரண்டு விரலில் கொப்புளம் கிளம்பியது. மருத்துவமனை வராந்தாவில் பை அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாளே விளக்கம் கேட்டு அலுவலகக் கடிதம். முகத்தில் பட்டிருந்தால்? அந்த நினைப்பு அவரைப் பல நாள் தூங்கவிடவில்லை. தான் செய்தது சரி என்று அவரால் யாரிடமும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும், "இன்னும் மூணு மாசம்" என்று மறுபடி எழுதிக் கேட்டார். விரல் ஆறிவிட்டிருந்ததால் கிடைத்தது.

ஆறு மாதம் கழித்து அம்மா எழுந்து உட்கார்ந்தாள். பாதி நாள் சமைத்தாள், பாதி நாள் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் முன்னேற்றம். கோப்பில் 'பிள்ளைகள் வீட்டிலேயே தொடரலாம்' என்று எழுதித் தலைவர் கையெழுத்துப் போட்டார். நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை, பை அம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

அதன் நகலைச் சிறுமியின் வீட்டில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கியபோது தெருவில் பிள்ளைகள் சாக்கட்டியால் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். சிறுமி நடுவில் நின்று, காலே படவில்லை, நான் அவுட்டே இல்லை என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அழுகுணி ஆட்டம் என்று தங்கை எதிர்க்கட்சியில் நின்று கூவினாள். இரண்டு பேரும் பை அம்மாவைக் கவனிக்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் முதல் பேருந்து வந்தது. நிற்கத்தான் இடம் இருந்தது, விட்டுவிட்டார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஏறி, அடுத்த வீட்டின் விலாசத்தைத் தேடி எடுத்தார். நாலாவது மாடி என்று போட்டிருந்தது.