பாதியில் நின்ற வாக்கியமும் பழைய டிஸ்க்கும்

என் கணவர் 'உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு நான்' என்று தட்டி முடித்த நேரத்தில்தான் இடி விழுந்தது. திரை கறுத்தது. அதன்பிறகு அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை.

தமிழில் இது ஒரு பெரிய தொல்லை. வினைச்சொல் கடைசியில்தான் வரும். கட்டிக்கொண்டதற்கு வருத்தப்படுகிறாரா, கொடுத்து வைத்தவரா, பேசாமல் சாமியாராகப் போயிருக்கலாம் என்கிறாரா, ஒன்றும் தெரியாது. வேறு ஆளாக இருந்தால் வாயைத் திறந்து மீதியைச் சொல்லியிருப்பார். இவரால் முடியாது. தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். சிகிச்சைக்குப் பிறகு கையும் நடுங்குகிறது. பேனாவைக் கொடுத்தால் தாளில் கோடுதான் விழும். விசைப்பலகையில் மட்டும் அந்த விரல்கள் தடுமாறுவதில்லை.

இதில் வேடிக்கை, குரல் இருந்த காலத்தில் அவர் பேசியதே கிடையாது. ஈஜோக் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். பேச வேண்டியதையெல்லாம் அங்கேயே பேசித் தீர்த்துவிட்டு வருவாரோ என்னவோ, வீட்டுக்குள் நுழைந்தால் 'ம்' தான். குழம்பு நன்றாக இருந்தாலும் 'ம்', மகளுக்கு வேலை கிடைத்தாலும் 'ம்'. குரல் போன பிறகுதான் மனிதர் வாயாடி ஆனார். மாதா கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுத் தாள் அடித்துக் கொடுத்த அதே கம்ப்யூட்டரில் பெரிய பெரிய எழுத்தாக என்னிடம் பேசுவார். பக்கத்து வீட்டு நாயிலிருந்து பாதிரியாரின் பிரசங்கம் வரை எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம். நான் அடுப்புக்கும் ஹாலுக்கும் ஓடிக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். பாதியிலேயே மீதியை யூகித்துப் பதில் சொல்லிவிட்டுப் போவேன். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது.

அன்றைக்குச் சண்டை. டாக்டர் குடிக்கச் சொன்ன பால்மாவை மிளகாய்ச் செடிக்கு ஊற்றியிருந்தார். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"என்னைக் கட்டிக்கிட்டு என்னத்தக் கண்டீங்க? சொல்லுங்க பார்ப்போம்!"

அதற்குப் பதில்தான் அந்தப் பாதி வாக்கியம். மேகம் கறுத்தாலே பிளக்கைப் பிடுங்குகிற நான், சண்டை மும்முரத்தில் மறந்துவிட்டேன்.

தஞ்சோங் காராங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "ஹார்ட் டிஸ்க் ஓகே லா, ஆன்ட்டி. போர்டு சுடா மாத்தி," என்று கடைக்கார மலாய்க்காரர் கையை விரித்தார். போர்டு செத்துவிட்டது. பினாங்கில் வேலை பார்க்கும் மகள் வேறு ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தாள். அவர் ஆசையாக உட்கார்ந்தார். தட்டினார். வாயில் நுழையாத ஏதோ ஒன்று திரையில் ஓடியது. புதியதிலும் தமிழ் இருந்தது, ஆனால் விசைப்பலகையில் எழுத்துகள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. பழைய தட்டச்சு மெஷினில் பழகிய விரல்கள் அவருடையவை. இந்த வயதில் எங்கே போய் மாற்றிப் பழகுவது? விசைப்பலகையைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய மென்பொருளையே இதில் போடலாம் என்றால், விற்ற கடையை எப்போதோ மூடிவிட்டார்கள். அந்த மென்பொருள் வந்த சிடி? அது மிளகாய்ச் செடிகளுக்கு மேலே, குருவி விரட்ட, நூலில் ஆடிக்கொண்டிருந்தது. கட்டிவிட்டவள் நான்தான். வெயிலில் உரிந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பேச்சுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

வீடு தாங்க முடியாத அமைதியாகிவிட்டது. துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். 'வருத்தமா?' என்று கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பார், தெரிந்துபோயிருக்கும். கேட்க ரோஷம். அதைவிடப் பயம். ஆமாம் என்று ஆட்டிவிட்டால் என்ன செய்வது?

கடைசியில் மகள்தான் வழி சொன்னாள். வீடியோ காலில் வந்தாள்.

"அம்மா, சாஃப்ட்வேர் பழைய டிஸ்க்லதான் இருக்கு. டிஸ்க்கையே கழட்டி புதுசுல மாட்டிடுங்க. சிஸ்டம் அப்படியே வந்துரும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"ட்ரை பண்ணலாம் லா."

போனில் மகள் பார்த்துக்கொண்டிருக்க, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு இரண்டு பெட்டிகளையும் ஹாலில் திறந்து போட்டேன். பழைய பெட்டிக்குள் அத்தனை தூசி. தும்மித் தும்மியே திருகுகளைக் கழற்றினேன். டிஸ்க் சோற்றுப் பொட்டலம் கனம் இருந்தது. அகல வயர் ஒன்று, மெல்லிய வயர் ஒன்று. தப்பான வயரைத் தொட்டால் அவர் மேசையைத் தட்டுவார்.

பொத்தானை அழுத்தினேன். நீலத் திரை வந்தது, அணைந்தது, தானாகவே எழுந்து மறுபடியும் நீலத் திரை.

"போச்சு!" என்று கத்தினேன். "இருந்ததும் போச்சு!"

"போகலம்மா. டிஸ்க் புது வீட்டைப் பார்த்து முழிக்குது. செட்டிங்ல டிஸ்க் மோடை பழைய மாதிரி மாத்தணும். ஆன் பண்ணதும் F2 தட்டுங்க."

தட்டினால் நேரம் தவறிவிடும். மறுபடி அணை, மறுபடி போடு. வயல் பக்கத்திலிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒருவழியாக உள்ளே நுழைந்து, மகள் சொன்ன வரியைத் தேடி மாற்றினேன். திரை வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் கறுப்பு. துணி எடுக்கப் போனேன், எடுக்காமலே திரும்பினேன்.

கோயில் திருவிழாப் படம் வந்திருந்தது. அவர் எப்போதும் வைத்திருந்த அதே படம். இந்த சிஸ்டம் பிரதி அசல் இல்லை என்று மூலையில் ஏதோ எழுதியிருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தட்டச்சு மென்பொருளைத் திறந்தார். 'அ' என்று தட்டினார். 'அ' வந்தது.

அப்போது தூரத்தில் இடி உருண்டது. என் கை தானாகப் பிளக்குக்குப் போனது. அவர் பார்க்காமலே கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். பிறகு தட்டத் தொடங்கினார்.

உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு நான்

நிறுத்தினார். விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தார்.

"அப்பா என்னம்மா அடிக்கிறாரு?" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு."

எத்தனையோ வினைச்சொற்களை நானே போட்டுப் பார்த்திருந்தேன். அந்த நேரத்தில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை ஓட்டில் விழ ஆரம்பித்தது. துணி வெளியில்தான் கிடந்தது. எழுத்து எழுத்தாக வந்தது.

உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு நான் குரல் இருந்தப்ப நாலு வார்த்தையாவது பேசியிருக்கணும்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். எனக்கா வாய் இல்லை? ஊரே சொல்லும்.

"ம்," என்றேன்.