மலை இறங்க ஒரு பிரேக்

என் சித்தப்பாவிடம் ஒரு குணம் உண்டு. வாங்கிய பிறகுதான் யோசிப்பார். மேலப்பாளையத்தில் அவருடைய கூட்டாளி வீட்டுக் கொல்லையில், கோழிகள் ஏறி அடைந்துகொண்டிருந்த கியர் சைக்கிளையும் அப்படித்தான் வாங்கிக்கொண்டு வந்தார். கூட்டாளியின் அண்ணன் வெகு காலத்துக்கு முன் துபாயிலிருந்து கொண்டுவந்த வண்டி அது. மலையில் ஓட்டுவதற்கென்றே செய்தது. டயர் தடியாக, கட்டை கட்டையாக இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தச்சநல்லூரில் எங்கள் தெருவுக்குள் அப்படியொரு வண்டி வந்தால் கூட்டம் கூடாமல் இருக்குமா? கூடியது. கூடியவர்கள் எல்லோரும் அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“பிரேக் எங்க வே?”

பிரேக் இருந்தது, பிடிக்கத்தான் இல்லை. ரப்பர் கட்டைகள் வெயிலில் கிடந்து கல்லாகியிருந்தன. சித்தப்பாவுக்கு அதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பஸ் கூரையில் வண்டியைப் போட்டுக்கொண்டு மாஞ்சோலை எஸ்டேட்டுக்குப் போவது, அங்கிருந்து மிதிக்காமலே மணிமுத்தாறு வரைக்கும் இறங்குவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். பின்னால் கேரியரில் நான். அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இறங்குவதற்கு முன்பே இறங்கிவிட்டதாக வகுப்பு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டேன். இனி போகாமல் இருந்தால் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது.

“பெத்தது ஒண்ணே ஒண்ணு” என்றாள் அம்மா.

அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். எதையும் அவ்வளவு சீக்கிரம் மறுக்கவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். “பிரேக்கை நான் பாத்து சரின்னு சொன்னா பிள்ள வருவா. இல்லன்னா நீ மட்டும் உருண்டுக்கிட்டுப் போலே” என்று தம்பியிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் மானம் முழுவதும் அந்த வண்டியின் பிரேக்கில் தொங்கியது.

அப்பா கம்பி பிரேக் கட்சி. அவருடைய சைக்கிளில் இருந்த கம்பி பிரேக் என்னைவிட மூத்தது. “ஒயர் என்னைக்கிருந்தாலும் அறும். கம்பி அறுமா?” என்பது அவர் வாதம். வாதத்தில் குறையில்லை. ஆனால் கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மை உள்பக்கமாக இழுத்து அழுத்தும். இந்த ரிம்மோ இரண்டு பக்கவாட்டிலும் பிடிப்பதற்காகச் செய்தது. அப்பா அரை நாள் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துவிட்டு மனசில்லாமல் கம்பியைக் கைவிட்டார். அடுத்து நம் ஊர் ஒயர் பிரேக் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். டயரின் தடிப்பைத் தாண்டி அதன் கை ரிம்மை எட்டவே இல்லை.

“யானைக்குக் கோமணம் கட்டுத மாதிரில்லா இருக்கு” என்று சைக்கிள் கடை அண்ணாச்சி சிரித்தார்.

கடைசியில் வண்டியோடு வந்த பிரேக்கையே கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துரு நீக்கிப் புது ஒயர் மாட்டினார்கள். மிச்சம் ரப்பர் கட்டைதான். கடையில் இரண்டு வகை இருந்தது. கறுப்பு கெட்டி, வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் வழுக்கும். சிவப்பு மெத்தென்று இருக்கும், தொட்டதும் பிடிக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும். சித்தப்பா கறுப்பை எடுத்தார். அப்பா அவர் கையிலிருந்து வாங்கித் திரும்பப் பெட்டியில் போட்டார்.

“கட்ட தேஞ்சா வேற போட்டுக்கலாம்லே. பிள்ள போனா வேற பிள்ள போட முடியுமா?”

சிவப்புக் கட்டையோடு வண்டி பரீட்சைக்குப் போனது. திருநெல்வேலியில் எங்களுக்குத் தெரிந்த ஒரே மேடு, ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம். ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் வருவதற்கு முன், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உச்சியிலிருந்து இறங்கினார். நானும் சித்தப்பாவும் கீழே நின்றோம். அப்பா பாதி தூரம் வரை ராஜா மாதிரி வந்தார். பிறகு பிரேக்கைப் பிடித்தார். முன்சக்கரம் அப்படியே நின்றது, பின்சக்கரம் எழுந்தது. அப்பா வண்டியை முந்திக்கொண்டு வந்து ஒரு தள்ளுவண்டியில் இருந்த வாழையிலைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார்.

எல்லாம் போச்சு என்று நினைத்து அழுதுவிட்டேன். அப்பா இலைகளுக்கு நடுவிலிருந்தபடியே, “பிரேக் நல்லாப் பிடிக்கு” என்றார்.

நம் ஊர் சைக்கிளில் வலது கைக்கு முன்சக்கரம், இடது கைக்குப் பின்சக்கரம். இறக்கத்தில் இடதை அழுத்தி, வலதைச் சும்மா தொட்டுக்கொள்வது யாரும் சொல்லித்தராமலே கைக்கு வந்துவிடும். துபாய் வண்டியில் அது தலைகீழ். சித்தப்பாவும் இருந்ததை இருந்தபடியே பயபக்தியோடு திரும்ப மாட்டியிருக்கிறார்.

“அந்த நாட்டுல அப்பிடித்தான் அண்ணே” என்றார் சித்தப்பா.

“மாஞ்சோல எந்த நாட்டுலலே இருக்கு?”

அன்றைக்கே ஒயர்களை இடம் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் அப்பா சரி என்று சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கத் தினமும் சக்கரத்தைச் சுற்றுவார், பிரேக்கைப் பிடிப்பார், எழுந்து போவார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம், “சரி, நாளைக்குப் போயிட்டு வாங்க” என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிடைத்த வரத்தை யாராவது குறுக்கு விசாரணை செய்வார்களா?

மாஞ்சோலையிலிருந்து இறங்கிய அந்தக் காலைப் பொழுதைப் போல ஒரு சுகத்தை நான் பிறகு அதிகம் அனுபவித்ததில்லை. குளிர் காற்று, தேயிலை வாசனை, போகப்போகப் பிரேக் கட்டை சூடேறி வந்த ரப்பர் நெடி. ஒவ்வொரு வளைவிலும் சித்தப்பா பைய அழுத்துவார், வண்டி சொன்னபடி கேட்கும். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டே வந்தேன்.

அடிவாரம் நெருங்கும் இடத்தில் இருந்த செக்போஸ்ட்டில் காவலர் எங்களை நிறுத்தினார். வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

“நேத்தும் ஒருத்தர் இதே மாதிரி வண்டில வந்தாரு வே. காலைல ஒரு தவிட்டு மூட்டையோட பஸ்ல மேல போனாரு. மத்தியானம் அதே மூட்டையக் கேரியர்ல கட்டிக்கிட்டு எறங்கி வாராரு. விக்கலையான்னு கேட்டேன், விக்கதுக்கு இல்லன்னாரு. வளைவுக்கு வளைவு எறங்கி மூட்டையத் தடவித் தடவிப் பாத்தாருன்னு பின்னால வந்த லாரிக்காரன் சொல்லுதான். கிறுக்கு போல!”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சித்தப்பா சிரிக்கவில்லை. குனிந்து பிரேக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, இன்னும் இறக்கம் பாக்கியிருந்தும், என்னைக் கேரியரில் உட்கார வைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார். எனக்கு அப்போது இருந்த ஒரே வருத்தம், ஜில்லாவில் இதே மாதிரி இன்னொரு வண்டியும் இருக்கிறதே என்பதுதான்.

அந்த மூட்டையை அரவை மில் தராசில் வைத்து, சரியாக என் எடைக்குத் தவிடு கொட்டிக் கட்டச் சொல்லி வாங்கியவர் யார் என்று, நான் கல்லூரிக்குப் போன பிறகு சித்தப்பாதான் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது ஒரு நல்ல கதை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அந்தக் கிறுக்கன் மூட்டையைத் தடவியதை அப்பாவுக்கு நடித்தே காட்டினேன். அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

“மூட்டைக்கு ஒண்ணும் ஆகலையாமா?” என்று கேட்டார் அப்பா.

“அது வெறும் தவிடுதானப்பா” என்றேன் நான். “அதுக்கு என்ன ஆனா யாருக்கு என்ன?”